மண்ணைப் பதப்படுத்திய வரலாறு

கோபுரத்தைக் கண்டால் கைகூப்புகிறோம். அணையைக் கண்டால் வியக்கிறோம். நெடிய பாலத்தைக் கண்டால் கட்டியவர் திறத்தைப் பாராட்டுகிறோம். இவை அனைத்தையும் தன் தலைமேல் தாங்கி, கண்ணுக்குப் புலனாகாமல் கிடக்கும் அடிமண்ணை மட்டும் நாம் நினைப்பதில்லை. சுவரில் ஒரு விரிசல் கண்டபோதும், சாலை உள்வாங்கியபோதும்தான் அதன் நினைவு வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் புலவர் வரலாறும் கோயில் வரலாறும் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு நாம் மிதித்து நடக்கும் மண்ணின் வரலாறு ஒன்றைச் சொல்ல முற்படுகிறேன். மனிதன் மெலிந்த நிலத்தை எவ்வாறு வலிய நிலமாக்கக் கற்றான், அக்கல்வியில் நம் முன்னோர்க்குரிய பங்கு யாது, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட நம் எல்லையோர ஊர்களுக்கு அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

நம் ஊரின் நிலவமைப்பு

நெய்யாற்றின்கரையிலிருந்து புறப்பட்டு, அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியே களியக்காவிளைக்கு வருவோர் ஒன்றை உணர்ந்திருப்பர். வழி நெடுகச் சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். ஏறும் இடம் செம்மண் மேடு. இறங்கும் இடம் ஏலா என நம் ஊரார் வழங்கும் வயல்வெளி. மேட்டில் தென்னையும் மரச்சீனியும்; பள்ளத்தில் நெல்லும் குளமும். நம் நாட்டின் அமைப்பே இதுதான்.

மேட்டு மண்ணின் அடியில் வெட்டுக்கல் உண்டு. நிலத்துள் கிடக்கும்போது கோடரிக்கு இசைந்து கொடுக்கும் இக்கல், வெட்டி எடுத்து வெயிலிலும் காற்றிலும் வைத்தபின் இறுகிவிடும் இயல்புடையது. மலபாரில் அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்தியர், 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் இதற்கு ‘லாட்டரைட்’ என்று பெயர் சூட்டினார். செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது.

பள்ளத்து மண்ணின் தன்மை வேறு. ஆண்டாண்டாய் மழைநீர் அரித்துக் கொணர்ந்த நுண்ணிய வண்டலும் களியும் படிந்து, நீரில் ஊறிக் கிடப்பது அது. நெல்லுக்கு அது தாய்மடி; கட்டடத்துக்கோ புதைசேறு. ஆகவேதான் நம் முன்னோர் வீட்டை மேட்டிலும் விளைச்சலைப் பள்ளத்திலும் வைத்தனர். நிலத்தைத் திருத்தும் கலையின் முதற்பாடம், திருத்த வேண்டாத இடத்தைத் தேர்ந்துகொள்வதே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

குழியும் திமிசும்

மனை கோலும்போது மண்ணைச் சோதிக்கும் முறை ஒன்று நம் மனையடி சாத்திரங்களில் கூறப்படுகிறது. ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் அக்குழியில் இட வேண்டும். மண் மிஞ்சினால் நிலம் நன்று. சரியாய் நிரம்பினால் நடுத்தரம். குழி நிரம்பாது குறைந்தால் அம்மனை ஆகாது. கி.பி. 6-ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலும் இச்சோதனை உண்டு. குழியில் நீர் நிரப்பி, நூறு அடி நடந்து திரும்பி வந்து, நீர் எவ்வளவு வற்றியது எனப் பார்க்கும் சோதனையும் அந்நூலில் உண்டு.

இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவோர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டினால் அது உதிர்ந்து பருக்கும். திரும்ப இட்டால் மிஞ்சும். பொலபொலவென்று வெற்றிடம் நிறைந்து கிடந்த மண்ணோ, எடுத்து இடும்போது அவ்வெற்றிடம் நீங்கிச் சுருங்கும்; குழி நிரம்பாது. மண்ணின் நெருக்கத்தை அளக்கும் சோதனையே இது. நீர்ச் சோதனையோ மண்ணின் கசிவை அளப்பது. இன்றைய பொறியாளர் கருவிகொண்டு அளக்கும் இரண்டையும் அன்றைய தச்சர் ஒரு குழியைக்கொண்டு அளந்தனர்.

சோதித்தபின் திருத்துதல். வானம் தோண்டியதும் அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடிப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். ஏரிக்கும் குளத்துக்கும் கரை இடும்போது, கொட்டிய மண்மேல் மாடுகளை ஓட்டி மிதிக்கச் செய்தனர். இன்று பெருஞ்சாலைப் பணிகளில் உருளும் இரும்பு உருளையின் மேனியெங்கும் குளம்பு போன்ற முளைகள் துருத்தி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு ஆட்டுக்கால் உருளை என்றே மேனாட்டார் பெயரிட்டுள்ளனர். கால்நடையின் குளம்பு செய்த வேலையை இரும்பு இன்று செய்கிறது.

அடியற்ற மணலில் அணை

இவை சிறு பணிகள். பெரும்பணி ஒன்றில் நம்மவர் காட்டிய திறத்தைக் காணக் காவிரிக்குச் செல்ல வேண்டும். கரிகால் வளவன் கட்டியதெனப் போற்றப்படும் கல்லணை, பாறை அகப்படாத ஆற்று மணலின்மேல் நிற்பது. ஏறத்தாழ 329 மீட்டர் நீளமுடைய அப்பழைய அணையின் உடல், செதுக்கப்படாத கற்களாலும் களிமண்ணாலும் ஆனது.

மணலின்மேல் கல்லணை நின்றது எங்ஙனம்? பெருங்கற்களை ஆற்றில் இட்டனர். ஓடும் நீர் கல்லின் அடியிலுள்ள மணலை அரிக்க, கல் தாழ்ந்தது. தாழ்ந்த கல்லின்மேல் மறுகல் இட்டனர், அதுவும் தாழ்ந்தது. இனித் தாழ இயலாது என்னும் நிலை வரும்வரை கல்லை அடுக்கி, நிலைபெற்ற அந்தக் கற்குவையையே அடிப்படையாகக் கொண்டு மேலே எழுப்பினர். மண்ணோடு போராடாமல், மண் தாழும் அளவு தாழட்டும் என்று பொறுத்திருந்து வென்ற முறை இது.

19-ஆம் நூற்றாண்டில் இவ்வணையை ஆராய்ந்தவர் ஆர்தர் காட்டன். ஆழங்காணாத மணலில் கடைக்கால் இடும் வித்தையைத் தாமும் தம் கூட்டத்தாரும் இந்நாட்டாரின் இப்பழைய பணியிலிருந்தே கற்றதாக அவர் வெளிப்படையாக எழுதினார். வென்றவர் வெல்லப்பட்டவரிடம் பாடம் கேட்டதை ஒளிக்காமல் சொன்ன பெருமை அவருக்குரியது. 1836-இல் முக்கொம்பில் மேலணையை எழுப்பியபோது, நம் நாட்டுக் கட்டடக் கலையின் மற்றொரு முறையையும் அவர் கையாண்டார். செங்கல்லால் கிணறு கட்டி, அதனுள்ளிருந்து மணலை வாரி வாரி எடுத்தால், கிணறு தன் பாரத்தால் கீழிறங்கும். அவ்வாறு இறக்கிய கிணறுகளின் வரிசைமேல் அணையின் சுவரை எழுப்பினார். யமுனைக் கரையில் தாஜ்மகாலைத் தாங்குவனவும் இத்தகைய கிணறுகளே. மேலணையில் கிடைத்த துணிவோடு சென்றே 1847-இல் தவளேசுவரத்தில் கோதாவரி அணையைக் காட்டன் தொடங்கினார்.

களிமண்ணின் மறைபொருள்

மணலை வெல்லக் கற்ற மனிதனுக்குக் களிமண் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மணல்மேல் பாரம் ஏற்றினால் உடனே தாழ்ந்து அடங்கிவிடும். களிமேல் பாரம் ஏற்றினாலோ, அன்று ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் பல சென்றபின் கட்டடம் சாயும்.

இத்தாலியிலுள்ள பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் இதற்குச் சான்று. 1173-இல் தொடங்கிய அக்கோபுரம் மூன்றாம் அடுக்கை எட்டும்போதே சாயத் தொடங்கியது. அந்நகரம் போர்களில் சிக்கியதால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பணி நின்றது. அந்த இடைவெளியில் அடியிலிருந்த களி மெல்ல இறுகியதாலேயே கோபுரம் பிழைத்தது என்பது இன்றைய அறிஞர் துணிபு. இடைவிடாது கட்டியிருந்தால் அன்றே கவிழ்ந்திருக்கும் என்பர். 1990-இல் மூடப்பட்ட அக்கோபுரத்தைக் காக்க, சாயாத வடபுறத்தின் அடியிலிருந்து சிறிது சிறிதாக மண்ணை உறிஞ்சி எடுத்து, சாய்வில் 40 சென்டிமீட்டருக்கு மேல் குறைத்து, 2001-இல் மீண்டும் திறந்தனர். அடிமண்ணைத் திருத்தியே கோபுரத்தை நிமிர்த்தினர்!

களி ஏன் காலந்தாழ்த்தித் தாழ்கிறது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் ஆசிரியராய் இருந்தபோது எளிய கருவிகளைக்கொண்டு ஆராய்ந்து, 1925-இல் மண்ணியக்கம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் கண்ட உண்மையை நம் வீட்டு வழக்கால் விளக்கலாம். ஊறிய உளுந்தைத் துணியில் கட்டி அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தால், நீர் சொட்டுச் சொட்டாக வடிய வடியத்தான் மூட்டை அமுங்கும். களிமண்ணும் அத்தகையதே. அதன் நுண்துளைகளில் நீர் நிறைந்துள்ளது. பாரம் ஏற்றிய அன்று அப்பாரத்தை நீரே தாங்குகிறது. நீர் மெல்ல வெளியேற, பாரம் மண்துகள்களின்மேல் இறங்குகிறது. மண் நெருங்கி வலிமை பெறுகிறது. நீர் வெளியேறுமுன் அவசரப்பட்டு மேலும் பாரம் ஏற்றினால் மண் பிதுங்கிச் சரிகிறது.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பிறந்தது. நீர் வெளியேற வேண்டிய தொலைவு பாதியானால், அதற்கு ஆகும் காலம் கால் பங்காகிறது. தொலைவு பத்தில் ஒன்றானால், காலம் நூறில் ஒன்றாகிறது. இவ்வொரு கணக்கே பெருங்கட்டுமானங்களின் போக்கை மாற்றியது. இயற்கை நூறாண்டில் செய்வதை மனிதன் ஓராண்டில் செய்விக்கலாம் என்னும் நம்பிக்கை அதனால் உண்டாயிற்று.

பதப்படுத்தும் முறைகள்

அந்நம்பிக்கையின் விளைவாகத் தோன்றிய முறைகளில் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, மண்ணை உரிய ஈரத்தில் இடித்து இறுக்குதல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நீர்த்தேக்கங்களுக்கு மண்ணணை அமைத்த பிராக்டர் என்னும் பொறியாளர், ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நெருங்கி இறுகும் ஈர அளவு ஒன்று உண்டு என்பதை 1933-இல் எடுத்துக்காட்டினார். நம் தாய்மார்க்கு இது புதிதன்று. புட்டுக்கு மாவு நனைக்கும்போது நீர் குறைந்தால் மாவு உதிரும்; மிகுந்தால் குழையும்; கையில் பிடித்தால் பிடியாய் நிற்கும் பதமே பதம். சாலைக்கு மண் இடும் மேற்பார்வையாளரும் கைப்பிடி மண்ணை எடுத்து இவ்வாறே பிடித்துப் பார்ப்பதுண்டு.

இரண்டாவது, களியின் நீருக்கு வழிசெய்தல். சேற்றில் வரிசை வரிசையாய்த் துளையிட்டு மணலை நிரப்பினால், தொலைவில் வெளியேற வேண்டிய நீர் அருகிலுள்ள மணற்றூணை அடைந்து மேலே வந்துவிடும். இம்முறை 1930-களில் அமெரிக்காவில் பெருஞ்சாலைப் பணிக்கு வந்தது. மணலுக்கு மாறாக அட்டையால் ஆன பட்டைகளை மண்ணில் செருகும் முறையைச் சுவீடன் நாட்டுச் செல்மன் வகுத்தார். இன்று அவை பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. பட்டைகளைச் செருகியபின், கட்டப்போகும் கட்டடத்தின் பாரத்துக்கு ஈடாகவோ மிகுதியாகவோ மண்ணை மேலே குவித்துச் சில திங்கள் காத்திருப்பர். நிலம் தாழ்ந்து அடங்கியதும் மிகுதி மண்ணை அகற்றிவிட்டுக் கட்டத் தொடங்குவர். கொச்சியில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் 2011-இல் திறக்கப்பட்டது. சேறு ஆழ்ந்து கிடக்கும் காயல் நிலத்தில் அதற்கு இணைப்புச் சாலை அமைக்க இத்தகைய பட்டைகள் பயன்பட்டன.

மூன்றாவது, கல்தூண்கள். அதிர்வூட்டும் இரும்புக் குழலை மெலிந்த மண்ணில் இறக்கி, உண்டான துளையில் சல்லியைக் கொட்டி இடித்துத் தூணாக்குவது இம்முறை. செருமானியர் கைதேர்ந்தது இது. இத்தூண் பாரத்தையும் தாங்கும், நீருக்கும் வழியாகும். நான்காவது, பத்துப் பதினைந்து டன் எடையுள்ள இரும்புக் கட்டியைப் பாரந்தூக்கியால் உயர்த்தி நிலத்தில் விழவிடுதல். பிரான்சு நாட்டு லூயி மெனார் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைப் பரப்பினார். நம் திமிசுக்கட்டைதான் இவ்வாறு பேருருக் கொண்டது எனலாம். ஐந்தாவது, அடிப்பாறையின் வெடிப்புகளில் அழுத்தத்தோடு சிமெண்டுப் பால் செலுத்துதல். கல்லணைகளைக் கட்டுவோர் நீர்க்கசிவைத் தடுக்க இதனையே நாடுவர்.

ஆறாவதாக ஒன்று நம் தென்னந்தோப்பிலிருந்தே பிறந்தது. மெலிந்த மண்ணுக்கும் மேலிடும் மண்ணுக்கும் இடையே வலை போன்ற விரிப்பை இட்டால், சேறு மேலேறாது. பாரம் பரவி இறங்கும். இவ்விரிப்பைத் தென்னை நார்க் கயிற்றாலும் நெய்யலாம். கிராமச் சாலைத் திட்டத்தில் இதனைப் பயன்படுத்த 2020-இல் இந்திய அரசு இசைவளித்தது. பூவாற்றிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தொண்டழுக்கிக் கயிறு திரித்த மகளிரின் கைத்தொழில், நெடுஞ்சாலையைத் தாங்கும் தொழிலாக உயர்ந்தது நாம் மகிழத்தக்க செய்தி.

இம்முறைகளுக்கும் எல்லை உண்டு. சப்பானில் ஒசாகா விரிகுடாவினுள் தீவு ஒன்றை ஆக்கி, 1994-இல் கான்சாய் விமான நிலையத்தைத் திறந்தனர். மேற்களியில் இலட்சக்கணக்கில் மணற்றூண்களை இறக்கி அதனை விரைவில் அடங்கச் செய்தனர். ஆனால் அதற்கும் கீழே, கருவி எட்டாத ஆழத்திலிருந்த களியும் பாரத்தை உணர்ந்து தாழத் தொடங்கியது. அத்தீவு இதுவரை 10 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துள்ளது, இன்னும் தாழ்கிறது.

நம் எல்லையில் எழுந்த பணிகள்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு சாலையையும் வயலையும் உறவினர் இல்லங்களையும் ஊடறுத்துச் சென்றது. அக்கோட்டுக்கு இருபுறமும் மண் ஒன்றே. மேடும் ஏலாவும் ஒன்றே. ஆகவே இருபுறத்துப் பணிகளையும் சேர்த்துக் காண்பதே முறை.

1958-இல் நெய்யாறு அணை நிறைவுற்றது. மலையடிவாரத்தில் பாறை கிடைக்கும் இடம் தேர்ந்து கட்டப்பட்ட கல்லணை அது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டுக்கும் பாய்ந்தது. 2004 முதல் அவ்வழி நீர் நின்றதும், அது வழக்கானதும் வேறொரு வரலாறு. இங்கே அதனுள் புகவில்லை.

1966-இல் விளவங்கோட்டுக் கால்வாய்ப் பணியின் ஓர் அங்கமாக மாத்தூர் தொட்டிப் பாலம் எழுந்தது. பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் இருபுறக் குன்றுகளை இணைத்து, 28 தூண்களின்மேல், ஏறத்தாழ 384 மீட்டர் நீளத்துக்குத் தொட்டி ஒன்று நீரைச் சுமந்து செல்கிறது. பள்ளத்தை மண்ணால் நிரப்பிக் கரை எழுப்பி, அதன்மேல் வாய்க்காலை ஓட்டியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு செய்திருந்தால் ஒரு குன்றையே கரைத்திருக்க வேண்டும். ஆற்றின் வழியும் அடைபட்டிருக்கும். பள்ளத்தைத் திருத்தாமல் அதன்மேல் தாண்டிச் சென்ற அறிவுடைமையே இன்று மாத்தூரில் நாம் காணும் அழகு.

1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே குமரிக்குப் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. மேட்டைக் குடைந்தும் வெட்டியும், பள்ளத்தில் கரையிட்டும் சென்ற பாதை அது. வெட்டும் மேட்டின் மண்ணே அடுத்த பள்ளத்தின் கரைக்கு ஆகுமாறு கணக்கிடுவது இத்தகைய பணிகளின் பழைய நெறி.

அதன்பின் வந்தது நான்குவழிச் சாலை. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை 43 கிலோமீட்டர் நீளமுள்ள புறவழிச்சாலை கேரள எல்லையோடு முடிகிறது. அதில் முக்கோலை முதல் காரோடு வரையுள்ள பகுதி கான்கிரீட்டால் ஆனது. காரோட்டைத் தாண்டியதும் குமரி மாவட்டப் பகுதி தொடங்குகிறது. அங்கே பாதை ஏலாக்களின் வழியாகவும் குளங்களின் ஊடாகவும் வகுக்கப்பட்டது. பள்ளங்களில் உயர்ந்த கரை எழுப்ப மலைமலையாய் மண் வேண்டியிருந்தது. அம்மண் கிடையாமல் பணி பல ஆண்டுகள் தடைப்பட்டு நின்றதை நாம் அனைவரும் அறிவோம்.

மேற்கே விழிஞத்தில், 2015-இல் தொடங்கிய துறைமுகப் பணிக்குக் கடலில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைதடுப்புக் கரை எழுந்தது. கடலிலிருந்து வாரிய மணலைக்கொண்டு புதுநிலம் ஆக்கினர். 2017-இல் ஓகிப் புயல் வந்தபோது கட்டிக்கொண்டிருந்த கரையின் ஒரு பகுதியை அலை கொண்டுபோயிற்று; மீண்டும் கல் இட்டனர். 2025 மே 2-ஆம் நாள் அத்துறைமுகம் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. காவிரியில் கல் தாழத் தாழக் கல் இட்ட கதையின் புதிய அத்தியாயம் போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு. அந்தக் கற்களில் ஒரு பங்கு குமரி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்து களியக்காவிளைச் சாலையில் லாரி லாரியாக நம் வாசல்களைக் கடந்தே சென்றது.

கூரியாடு உரைத்த பாடம்

இவ்விடத்தில் வடகேரளத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. 2025 மே 19-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துக் கூரியாட்டில், நெல்வயலின்மேல் எழுப்பிய நெடுஞ்சாலைக் கரை மழைக்காலத் தொடக்கத்திலேயே சரிந்து, அருகிலிருந்த கிளைச்சாலைமேல் விழுந்தது. மேலே இட்ட கரையின் பாரத்தை அடியிலிருந்த வயல் மண் தாங்கவில்லை என்பதே ஆய்வில் வெளிப்பட்ட காரணம். டெர்சாகி 1925-இல் எழுதிய உண்மை நூறாண்டு கழித்து நம் மாநிலத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது! பின்னர் அவ்விடத்தில் கரைக்கு மாறாகத் தூண்களின்மேல் பாலம் அமைக்க முடிவாயிற்று. 1966-இல் மாத்தூரில் செய்ததைக் கூரியாட்டில் சரிவுக்குப் பின் செய்ய நேர்ந்தது.

பள்ளத்தை நிரப்பிச் செல்வதா, தாண்டிச் செல்வதா என்னும் வினாவுக்கு விடை பணச்செலவை மட்டும் பொறுத்ததன்று. நிரப்பும் மண் எங்கிருந்தோ வர வேண்டும். ஒரு குன்று குறைய வேண்டும். ஓர் ஏலா மறைய வேண்டும். குன்று குறைந்தால் அதன் அடிவாரத்துக் கிணறு வற்றும். ஏலா மறைந்தால் மழைநீர் நிற்க இடமின்றி வீட்டுக்குள் புகும். கேரளத்தில் நெல்வயல் காப்புச் சட்டம் 2008-இல் வந்தது இவ்வபாயத்தை உணர்ந்தேயாம். சட்டம் இருந்தும் வயல் வீடாவது நிற்கவில்லை. நிலத்தைப் பதப்படுத்தும் கலை வளர வளர, எந்நிலத்திலும் கட்டலாம் என்னும் துணிவும் வளர்கிறது. கட்ட இயலும் என்பது வேறு, கட்டத் தகும் என்பது வேறு. முன்னதைப் பொறியாளர் கூறுவர். பின்னதை அம்மண்ணில் வாழ்வோரே கூற வேண்டும்.

நம் இல்லங்களுக்கு

நம் காலனியிலும் பல குடும்பத்தார் சேமித்த பொருளால் சிறு மனை வாங்கி வீடு கட்ட எண்ணியிருப்பர். பெருங்கட்டுமானத்தின் வரலாறு அவர்களுக்கும் சில உண்மைகளைக் கூறுகிறது.

மனை வாங்குமுன் அது மேட்டு நிலமா, நிரப்பிய ஏலாவா என்று ஊர் முதியோரைக் கேளுங்கள். பத்திரம் சொல்லாததை அவர்கள் சொல்வர். வயல் நிலத்தை மாற்றச் சட்டத்தின் இசைவு உண்டா என்றும் அறியுங்கள். முன்பே நிரப்பிய மனையாயின் அவசரம் வேண்டா. கொட்டிய மண் ஒன்றிரண்டு மழைக்காலமாவது கண்டு அடங்கட்டும். புதிதாய் நிரப்புவோர் ஒரே நாளில் லாரி மண்ணைக் குவித்துச் சமன் செய்வது பயன் தராது. சாண் அளவுக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, அளவாய் நனைத்து, அடுக்குதோறும் இடிக்க வேண்டும். மேட்டுச் சரிவில் கட்டுவோர், வீட்டின் ஒரு பாதி வெட்டிய மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் அமையாமல் பார்த்துக்கொள்க. வெட்டிய பாதி நிற்கும். நிரப்பிய பாதி தாழும். இடையே சுவர் பிளக்கும். யாவற்றினும் மேலாக, நீருக்கு வழி விடுக. மண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் போக்கிடம் இல்லாத நீரே.

கல்லணையைக் கட்டியவர் முதல் கான்சாய்த் தீவை ஆக்கியவர் வரை மண்ணோடு பழகிய அனைவரும் கற்றது ஒன்றுண்டு. மண் ஆணைக்கு அடங்காது. அதன் இயல்பை அறிந்து, அது கேட்கும் காலத்தைக் கொடுத்து, அதன் நீருக்கு வழிவிட்டால் எத்துணைப் பாரத்தையும் தாங்கும். அவசரமும் அறியாமையும் சேர்ந்தால் ஒரு மழையில் கைவிட்டுவிடும்.

பிறந்த மண்ணை விட்டு வந்து, வேறு மண்ணில் வேரூன்றிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. புது இடத்தில் நாமும் ஒரு நாளில் நிலைபெறவில்லை. தாழ்ந்தும் அடங்கியும் அண்டை அயலாரோடு நெருங்கியும் மெல்ல மெல்லவே உறுதி பெற்றோம். அவ்வாறு பெற்ற உறுதியை நம் மக்களுக்கு விட்டுச்செல்வது போலவே, ஏலாவையும் குளத்தையும் குன்றையும் இயன்ற அளவு குறையாமல் விட்டுச்செல்வோமாக. அவர்கள் எழுப்பப்போகும் இல்லங்களுக்கு அவையே கடைக்கால்.